எம்.எஸ். காயினும் எங்கம்மாவும்

"வெள்ளின்னு சொன்னியே, எத்தனை டச்சு?" இதான் எங்கம்மா கேட்ட முதல் கேள்வி (டச்சுன்னா நூத்துக்கு எவ்ளோ சுத்த வெள்ளிங்கற நகைக்கடை கணக்கு). 50ன்னு சொன்னேன், அவ்ளோதான், முகம் போன போக்கப் பாக்கணுமே. "பாதி செம்பா? இதுக்குப் போய் இவ்ளோ காசு குடுத்தியா, செய்கூலி சேதாரம் எல்லாம் சேத்தா கூட இவ்ளோ வராதே"ன்னு ஆரம்பிச்சிட்டாங்க.

விஷயம் என்னன்னா, எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டுக்கு போட்ட 100 ரூபா காயின் ஒண்ணு ரொம்ப நாளா தேடிட்டு இருந்தேன், போன மாசம் ஒரு காயின் எக்ஸிபிஷன்ல 10 ரூபா காயினோட செட்டா கிடைச்சுது. அவங்க பொறந்தது 1916 செப்டம்பர் 16, மதுரை. காயின்லயும் 1916-2016ன்னு தான் இருக்கு, ஆனா அரசு அறிவிப்பு வந்தது என்னவோ 2017ல, எம்.ஜி.ஆர். நூற்றாண்டு காயினோட சேத்து. நம்ம ஊர்ல கல்யாணப் பத்திரிகையே முகூர்த்தத்துக்கு மொத நாள் தான் வருது, அதனால இத நான் பெருசா எடுத்துக்கல.

கையில வாங்கினா கனம் தெரியும். 35 கிராம், 44 மில்லிமீட்டர், சின்ன முறுக்கு சைஸுக்கு இருக்கும், ஓரத்துல 200 பல்லுன்னு கணக்கு (நான் எண்ணிப் பாக்கல). வெள்ளி பாதி, செம்பு 40 சதவீதம், மிச்சத்துல நிக்கலும் துத்தநாகமும் அஞ்சு அஞ்சு. ஆக சுத்த வெள்ளி 17.5 கிராம் தான். 2017ல வெள்ளி கிராம் 40 ரூபா பக்கத்துல இருந்துச்சு, அந்த கணக்குல உள்ள இருந்த வெள்ளி 700 ரூபா தான் தேறிச்சு, அதனால இத வெள்ளிக்காக வாங்கறவங்க தயவுசெஞ்சு வாங்காதீங்க, நகைக்கடைல போய் கிராம் கணக்குல வாங்கிக்கோங்க. இதுல 100 ரூபான்னு போட்டிருக்கே, கடைல குடுத்து 100 ரூபாக்கு காய்கறி வாங்கலாமான்னு தம்பி கேட்டான். பேருக்கு செல்லும்டா, ஆனா இது புழக்கத்துக்கு விட்டதே இல்ல, காயின் அடிக்கற மின்ட்லயே கூட விலை வெச்சு தான் விப்பாங்க.

எனக்கு இருக்கற ஒரே மனக்குறை எழுத்து தான். சுத்தி ஹிந்தி, இங்கிலீஷ், ரெண்டு தான். 2009ல வந்த அண்ணா காயின்ல அவரோட தமிழ்க் கையெழுத்து இருக்கு, 2024ல வந்த கலைஞர் காயின்ல "தமிழ் வெல்லும்"னு இருக்கு, மதுரைல பொறந்து கச்சேரி மேடைல வாழ்ந்தவங்களுக்கு அவங்க பேர தமிழ்ல ஒரு வரி பொறிக்கறதுக்கு 44 மில்லிமீட்டர்ல இடமில்லாமயா போச்சு.

சரி அம்மா கதைக்கு வரேன். டச்சு சண்டை முடிஞ்சதும் கண்ணாடி போட்டுட்டு வந்து காயின்ல இருக்கற எம்.எஸ். முகத்த பாத்தாங்க. "வைர மூக்குத்தி வெள்ளில எங்கடா மின்னும்"னு ஒரு வார்த்தை, அப்புறம் ரொம்ப நேரம் பேச்சே இல்ல. எங்க வீட்ல காலைல அஞ்சரைக்கு எம்.எஸ். பாடின சுப்ரபாதம் தான் அலாரம், எங்க தாத்தா காலத்துல ரெகார்டு, அப்புறம் டேப்பு, இப்போ யூட்யூப்ல நடுவுல விளம்பரத்தோட. அதனால எனக்கு இது கலெக்‌ஷன், அம்மாக்கு இது சாமி படம். மறுநாள் வெள்ளிக்கிழமை, நான் ஆபீஸ் போய்ட்டு வந்து பாத்தா காயின் அதோட பிளாஸ்டிக் காப்சூல விட்டு வெளிய, பூஜை ரூம்ல வெத்தலை மேல உக்காந்திருக்கு, நெத்தில சந்தனம் குங்குமம். பக்கத்துல விபூதி டப்பா வேற. குத்துவிளக்க தேய்க்கற மாதிரி தேய்க்க ரெடியா இருந்திருக்காங்க!

எனக்கு உசுரே போய் வந்துச்சு. காயின் சேக்கறவங்களுக்கு தெரியும், ஒரு தடவ தேய்ச்சா போதும், மேல இருக்கற அந்த மின்ட் பளபளப்பு போயிடும், அப்புறம் எந்த டீலரும் விலை சொல்ல மாட்டான். விரலால முகத்த தொடக்கூட கூடாது, ஓரத்துல தான் பிடிக்கணும். செம்பு இவ்ளோ இருக்கறதால மெட்ராஸ் காத்துக்கு சீக்கிரமே மஞ்சளும் பழுப்புமா நிறம் மாறும், அதுவா மாறினா பரவால்ல, சில பேர் அந்த நிறத்துக்கே கூட காசு குடுப்பாங்க, ஆனா தேய்ச்ச காயின் தேய்ச்ச காயின் தான். நல்ல வேளை குங்குமம் மட்டும் தான் பட்டிருந்துச்சு, டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு எடுத்து, தேய்க்காம ஒத்தி எடுத்து, ஒரு ராத்திரி தூங்காம காய வெச்சேன். இப்பவும் வெளிச்சத்துல சாய்ச்சு பாத்தா தலைமுடி கிட்ட ஒரு சின்ன சிவப்பு இருக்கு.

"இப்படி டப்பால பூட்டி வெக்கறதுக்கு உருக்கி ஒரு காமாட்சி விளக்கு பண்ணிருக்கலாம்"னு அம்மா சொன்னாங்க. உருக்கினா காயினேஜ் ஆக்ட் 2011படி ஏழு வருஷம் வரைக்கும் உள்ள போலாம்மான்னேன். நம்பல.

கடைசில ஒரு ஒப்பந்தம். வெள்ளி காயின் காப்சூலோட பூஜை ரூம் ஷெல்ஃப்ல இருக்கும், பொட்டு வெக்கறதா இருந்தா பிளாஸ்டிக் மேல தான் வெக்கணும். 10 ரூபா காயின் அம்மாக்கு, அத என்ன வேணா பண்ணிக்கலாம்.

என்ன வேணா பண்ணிக்கலாம்னு நான் சொல்லிருக்கவே கூடாது. போன வாரம் பெரியம்மா திருப்பதி போனாங்க. அம்மா அந்த 10 ரூபாய மஞ்சத்துணில முடிஞ்சு உண்டியல்ல போட சொல்லி குடுத்து அனுப்பிட்டாங்க. நான் தலைல கை வெச்சு உக்காந்துட்டேன், செட்டு உடைஞ்சு போச்சும்மா, தனித்தனியா வித்தா பாதி விலை கூட வராதுன்னு சொல்லிட்டு இருக்கேன், அவங்க கீரை ஆஞ்சுகிட்டே "அவங்களே சுப்ரபாதம் ராயல்டிய எல்லாம் பெருமாளோட வேதபாடசாலைக்கு எழுதி குடுத்தவங்க, நீ ஒரு பத்து ரூபாக்கு அழுவுற"ங்கறாங்க.

10 ரூபா தனியா யாராச்சும் வெச்சிருந்தா சொல்லுங்க. காப்சூல் இல்லைன்னாலும் பரவால்ல, பொட்டு மட்டும் வெச்சிருக்கக் கூடாது.