இந்திரா நகரில் ஓர் இத்தாலிய மதிய உணவும் பில்லில் ஏறிய பத்து சதவீதமும்

சனிக்கிழமை பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் பெங்களூரு வந்து அல்சூரில் சித்தி வீட்டில் தங்கிய எனக்கு, மறுநாள் இந்திரா நகர் நூறடிச் சாலையில் உண்ட மதிய உணவுதான் இந்தப் பயணம் முழுவதற்கும் நினைவில் நிற்கிறது. அல்சூரிலிருந்து மெட்ரோவில் அடுத்த நிறுத்தமே இந்திரா நகர் என்பதால் போக்குவரத்துச் செலவு பெரிதாக இல்லை. ஆட்டோவுக்குக் கேட்ட 200 ரூபாயை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. பல நகரங்களில் கிளைகள் உள்ள இத்தாலிய உணவகம் அது. பெயரைத் தவிர்க்கிறேன்.

சித்தி முட்டைகூடத் தொடாதவர். பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே, "சீஸில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது ஏதோ சேர்ப்பார்களாமே, கேள் கண்ணா" என்றார். அவர் கேட்டது முற்றிலும் சரி. இத்தாலியில் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டிக்குப் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைத்தான் பயன்படுத்துகிறார்கள். பரிமாறுபவருக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் மழுப்பாமல் சமையலறைக்குள் சென்று, பச்சைப் புள்ளி அச்சிட்ட சீஸ் உறையையே கொண்டுவந்து காட்டினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மார்கரிட்டா பீட்சாவைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். விறகு அடுப்பு எங்கள் கண்ணெதிரே இருந்தது. மாவைக் கையாலேயே விரித்து, தக்காளிச் சாறு தடவி, மொசரெல்லா சீஸும் துளசி இனத்துப் பேசில் இலையும் வைத்து உள்ளே தள்ளினார்கள். நானூறு டிகிரியைத் தாண்டும் அந்த வெப்பத்தில் ஒன்றரை நிமிடத்திற்குள் வெந்து, ஓரம் உப்பி, ஆங்காங்கே கருகி வெளியே வந்தது. நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சா தயாரிப்புக் கலையை 2017இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது ஏன் என்பது முதல் துண்டிலேயே புரிந்தது. வீட்டுக்கு வரவழைத்து ஆறிப்போன பீட்சாவை மட்டுமே அறிந்திருந்த சித்தி, ஓரத்தைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

நாங்கள் கேட்ட அர்ராபியாட்டா பாஸ்தா வீண். அர்ராபியாட்டா என்றால் இத்தாலிய மொழியில் கோபம் கொண்டது என்று பொருள். தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றால் நாக்கைச் சுட வேண்டிய உணவு. இங்கே கிரீமைக் கொட்டி இனிப்பாக்கி, கடித்தால் சற்றே எதிர்க்க வேண்டிய பாஸ்தாவைக் குழைய விட்டிருந்தார்கள். திராமிசு என்ற இத்தாலிய இனிப்பில் முட்டை உண்டு என்று கேட்டறிந்ததால் அதைச் சித்தி மகளும் நானும் மட்டும் பகிர்ந்துகொண்டோம். காபியின் கசப்பு மிக நன்றாக இறங்கியிருந்தது.

பிறகு பில் வந்தது. பீட்சா 550, பாஸ்தா 520, திராமிசு 380, நாங்கள் கேட்காமலேயே திறந்து வைத்த தண்ணீர் பாட்டில் 90, ஆக 1,540 ரூபாய். அதன் மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம், அந்தக் கட்டணத்தையும் சேர்த்து ஐந்து சதவீத ஜிஎஸ்டி. சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. இதைச் சொன்னதும் மேலாளர் முதலில் நிறுவனத்தின் விதி என்றார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைக்கட்டுமா என்று கேட்ட பிறகுதான் பில் திருத்தப்பட்டு 1,617 ரூபாயாக வந்தது. ஏறக்குறைய 162 ரூபாய் குறைந்தது. சீஸ் உறையைக் கொண்டுவந்து காட்டிய அந்தப் பரிமாறுபவரின் கையில் நூறு ரூபாயை நேரடியாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

போகிறவர்கள் பீட்சாவை மட்டும் இரண்டாகச் சொல்லுங்கள். அமர்ந்தவுடனேயே சாதாரணத் தண்ணீர் போதும் என்று சொல்லிவிடுங்கள்.