கோடு கோடா நின்ன எஸ்இ/30: லாஜிக் போர்டு சரியான கதை

ஸ்விட்ச போட்டேன், ஃபேன் சுத்துச்சு, அந்த 9 இன்ச் ஸ்க்ரீன் மெதுவா வெளிச்சமாச்சு, ஆனா முதல்ல வரவேண்டிய அந்த மணிச்சத்தம் மட்டும் வரவே இல்ல. ஸ்க்ரீன் முழுக்க கறுப்பும் வெள்ளையுமா படுக்கை வரி, ஜமக்காளத்துல இருக்கிற பட்டை மாதிரி. அரை நிமிஷம் பாத்துட்டு ஆஃப் பண்ணிட்டேன்.

மெஷின் ஆப்பிள் மேக்கின்டாஷ் எஸ்இ/30, ஸ்க்ரீனும் கம்ப்யூட்டரும் ஒரே டப்பாவா வந்த பழைய மேக். 1989 ஜனவரில வந்தது. சின்ன டப்பாக்குள்ள 68030 சிபியூ, 16 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு பொட்டு கம்மி, கூடவே 68882 கணக்கு சிப், ராம் 128 எம்பி வரைக்கும் போடலாம். அந்த காலத்துல 128 எம்பிங்கிறது யாரும் நெனச்சுகூட பாக்காத அளவு. கச்சிதமான பழைய மேக்குகள்ல இதுக்கு மேல ஒண்ணு இல்லங்கிறது என்னோட தீர்மானமான அபிப்பிராயம். தெரிஞ்சவர் ஒருத்தர் ரொம்ப வருஷமா பரண்ல கிடந்தத தூக்கி குடுத்தார், "ஓடினா வச்சுக்கோ, ஓடலன்னா பார்ட்ஸுக்கு வச்சுக்கோ"ன்னார். பார்ட்ஸுக்கு வைக்க எனக்கு மனசு வரல.

இந்த வரி வரியா வர்ற கோளாறு எஸ்இ/30ல ரொம்ப பிரபலம், பேரே "சிமசிமாக்". ஜப்பானிய மொழில 'ஷிமா'ன்னா கோடு, கோடு போட்ட மேக்னு அர்த்தம். பாக்க பயமா இருந்தாலும் இத பாத்ததும் ஒரு விதத்துல நிம்மதியாதான் இருந்துச்சு, ஏன்னு சொல்றேன். ஸ்க்ரீன்ல தெரியறது வீடியோ ராம்ல என்ன இருக்கோ அதுதான். கரண்ட் வந்த உடனே ராம்ல இருக்கிறது வெறும் குப்பை, ஆனா அந்த ராம் சிப்புக்குள்ள தகவல வைக்கிற செல்கள் வரிசை வரிசையா அடுக்கி இருக்கிற விதத்தால அந்த குப்பையும் ஒரு ஒழுங்கா கோடு போட்ட மாதிரி தெரியும். சிபியூ ஒழுங்கா ஓடியிருந்தா முதல் வேலையா இத அழிச்சிருக்கும். அதனால இந்த கோடு என்ன சொல்லுதுன்னா, "பவர் இருக்கு, வீடியோ பக்கம் படிச்சு காட்டிட்டுதான் இருக்கு, சிபியூதான் வேலைய ஆரம்பிக்கல"ன்னு. லாஜிக் போர்டுல, அதாவது சிப்பெல்லாம் இருக்கிற முக்கிய போர்டுல, பாதி உயிரோட இருக்குன்னு அதுவே சொல்லிடுச்சு.

திறக்கறதுக்கு நீளமான டி15 டார்க்ஸ் வேணும், ரெண்டு ஸ்க்ரூ கைப்பிடிக்கு உள்ள ஆழத்துல இருக்கும், சாதாரண ஸ்க்ரூடிரைவர் எட்டாது. உள்ள பிக்சர் ட்யூப் இருக்கு, ஆஃப் பண்ணாலும் அதுல ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம், அதனால ஆனோட, அதாவது ட்யூப்ல ஹை வோல்டேஜ் போற முனைய, முறையா கிரவுண்ட் பண்ணி டிஸ்சார்ஜ் பண்ணாம கைய உள்ள விடாதீங்க, இதுல அவசரமே வேண்டாம். அப்புறம் முதல் வேலையா அந்த 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரிய கழட்டி வெளிய வச்சேன். எத்தனையோ எஸ்இ/30 போர்டு இந்த பேட்டரி வெடிச்சு ஊத்தியே போயிருக்கு, என்னோடது வீங்காம இருந்தது அதிர்ஷ்டம். வீட்ல சும்மா ஒரு பழைய மேக் வச்சிருக்கீங்கன்னா இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள போய் பேட்டரிய கழட்டிட்டு வாங்க.

போர்ட வெளிய எடுத்து டேபிள் லைட்டுக்கு கீழ சாய்ச்சு பிடிச்சு பாத்தப்பதான் விஷயம் புரிஞ்சுது. நல்ல சால்டர் பளபளன்னு இருக்கணும். இங்க ஒவ்வொரு சின்ன கெபாசிட்டரயும் சுத்தி ஒரு வட்டம், அதுக்குள்ள சால்டர் எல்லாம் சாம்பல் பூசின மாதிரி மங்கிப்போய், பக்கத்துல இருக்கிற வயா ஓட்டைல, அதாவது போர்டோட ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற செம்பு பூசின ஓட்டைல, பச்சை. மினுமினுன்னு ஒரு ஈரம் வேற, விரல் வச்சா பிசுபிசுப்பு. காரணம் அந்த அலுமினியம் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள், பெரும்பாலும் 47 மைக்ரோஃபாரட் 16 வோல்ட். 80களோட கடைசில போர்டு மேல ஒட்டற மாதிரி வந்த அந்த தலைமுறைல உள்ள இருக்கிற திரவத்துல குவாட்டர்னரி அமோனியம் உப்பு போட்டிருந்தாங்க. கெபாசிட்டர் சின்னதா, திறமையா இருந்துச்சு, ஆனா வருஷம் போகப் போக நெகட்டிவ் காலுக்கிட்ட காரத்தன்மை ஏறி அடி ரப்பர தின்னுடும், அப்புறம் திரவம் மெதுவா போர்டு மேல கசியும். கசியறது கெபாசிட்டர மட்டும் கெடுத்தா பரவாயில்ல, அது செம்ப அரிக்கும், போதாததுக்கு கரண்டயும் கடத்தும்.

பழைய கெபாசிட்டர எப்படி எடுக்கறதுன்னு ஆளுக்கு ஒரு வழி சொல்வாங்க. ப்ளையர்ல பிடிச்சு முறுக்கி எடுக்கலாம்னு ஒரு கட்சி இருக்கு, நல்லா இருக்கிற போர்டுல அது சரிவரலாம், அரிச்சுப்போன போர்டுல பேடும், அதாவது கால் ஒட்டற செம்பு திட்டும், சேர்ந்து வந்துடும்னு எனக்கு பயம். ஹாட் ஏர் அடிச்சா உள்ள திரவம் கொதிச்சு டப்புன்னு வெடிக்கும். நான் ரெண்டு சால்டரிங் அயர்ன் எடுத்து, முதல்ல புது சால்டரும், சால்டர் நல்லா ஓட உதவற ஃப்ளக்ஸும் நெறைய போட்டு பழைய கரிஞ்ச சால்டர இளக்கிட்டு, ரெண்டு கால்லயும் ஒரே நேரத்துல சூடு வச்சு அப்படியே தூக்கினேன். சூடு பட்டதும் வர்ற நாத்தம் இருக்கே, அழுகின மீன் நாத்தம், ஜன்னல் எல்லாம் திறந்து வச்சும் ரூம்ல ரெண்டு நாள் போகல. அந்த நாத்தம் வந்தாலே கசிஞ்சிருக்குன்னு உறுதி பண்ணிக்கலாம்.

புதுசா டேன்டலம் கெபாசிட்டர் போட்டேன், அதுல திரவம் கிடையாது, கசியாது. ஆனா இங்க ஒரு இடத்துல ரொம்ப கவனமா இருக்கணும். பழைய அலுமினிய கெபாசிட்டர்ல கறுப்பு பட்டை போட்டிருக்கிற பக்கம் நெகட்டிவ், டேன்டலத்துல பட்டை போட்டிருக்கிற பக்கம் பாசிட்டிவ். பழசு இருந்த மாதிரியே பட்டைய பாத்து வச்சீங்கன்னா எல்லாமே தலைகீழ், டேன்டலத்த தலைகீழா போட்டா அது எரியும். போர்டுல ப்ளஸ் குறி அச்சடிச்சிருக்கும், அத மட்டும் நம்பணும். அதே மாதிரி 12 வோல்ட் வர்ற இடத்துல 16 வோல்ட் டேன்டலம் போடாம 25 வோல்ட் போட்டேன், டேன்டலத்துக்கு அந்த அளவு இடைவெளி வேணும்.

அப்புறம் போர்ட சோப்பு போட்ட வெதுவெதுப்பான தண்ணில மென்மையான பிரஷ்ல தேய்ச்சு கழுவி, டிஸ்டில்ட் வாட்டர் விட்டு, கடைசியா ஐசோப்ரோப்பில் ஆல்கஹால் ஊத்தி ரெண்டு நாள் காய வச்சேன். மாட்டி, ஸ்விட்ச போட்டா... அதே கோடு.

இந்த இடத்துலதான் நெறைய பேர் தப்பு பண்றாங்கன்னு நெனைக்கிறேன், நானும் பண்ண இருந்தேன். இனிமே சிப்புதான் போயிருக்கும்னு ஒவ்வொண்ணா கழட்டி மாத்த கை பரபரக்கும். சிப்பு அவ்ளோ சுலபமா சாகாது, சாகறது சிப்புக்கு நடுவுல போற மெல்லிசு செம்பு ட்ராக்குதான், அதுலயும் கெபாசிட்டர் திரவம் ஊறின இடத்துல இருக்கிற ட்ராக்கு. அரிச்ச போர்டுல ஒவ்வொரு தடவ ஒரு சிப்ப கழட்டும்போதும் நல்லா இருந்த பேடு நாலு போகும். அதனால தொடாம எவ்ளோ தெரிஞ்சுக்க முடியுமோ அவ்ளோ தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் அயர்ன தொடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல வோல்டேஜ். பின்னாடி வெளி ஃப்ளாப்பிக்கு இருக்கிற போர்ட்ல 6ஆவது பின்ல 5 வோல்ட், 7லயும் 8லயும் 12 வோல்ட் வரணும், வந்துச்சு. ராம் சிம்ம, அதாவது ராம் சிப்பு வச்ச சின்ன சொருகு போர்ட, நாலு நாலாதான் போடணும், நாலையும் கழட்டி காண்டாக்ட்ட துடைச்சு போட்டேன், மாற்றமில்ல. எஸ்இ/30ல ரோமும், அதாவது மெஷின் ஸ்டார்ட் ஆக வேண்டிய ப்ரோக்ராம் நிரந்தரமா இருக்கிற சிப்பும், ஒரு சிம்முதான், அதோட சாக்கெட் ப்ளாஸ்டிக் கொக்கி பழசாகி உடைஞ்சா ரோம் லேசா சாஞ்சு இதே கோடு வரும். அதையும் துடைச்சு அழுத்தி உக்கார வச்சேன், அதுவும் இல்ல.

அடுத்தது ஆசிலோஸ்கோப், சிக்னல் ஏறி இறங்கறத படமா காட்டற கருவி. இந்த மெஷின்ல ஒரு பெரிய வசதி என்னன்னா எக்ஸ்பேன்ஷன் கார்டுக்குன்னு 120 பின் ஸ்லாட் ஒண்ணு இருக்கு, சிபியூ எந்த இடத்த படிக்கணும்னு சொல்ற அட்ரஸ் லைன், படிச்சது வர்ற டேட்டா லைன், ரீசெட், கிளாக் எல்லாம் அங்க வந்து நிக்குது, நாடி பிடிச்சு பாக்க அதவிட நல்ல இடம் கிடையாது. கிளாக் 15.67 மெகாஹெர்ட்ஸ், இருக்கு. ரீசெட், பவர் வந்ததும் கொஞ்ச நேரம் கீழ இருந்துட்டு மேல ஏறிடுச்சு, சரிதான். அட்ரஸ் லைன் ஒரு கணம் படபடன்னு ஆடிட்டு அப்படியே உறைஞ்சு நின்னுச்சு. அந்த ஒரு கணம்தான் எல்லாத்தையும் சொல்லிச்சு. 68030 ரீசெட்ல இருந்து எழுந்ததும் அட்ரஸ் பூஜ்யத்துல இருந்து 8 பைட் படிக்கும், முதல் 4 ஸ்டேக் (வேலை நடுவுல குறிப்பு வைக்கிற மெமரி) எங்க இருக்குன்னு, அடுத்த 4 எந்த இடத்துல இருந்து ஓட ஆரம்பிக்கணும்னு. மேக்ல ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் ரோம அந்த பூஜ்யத்துல கொண்டுவந்து காட்டுவாங்க. சிபியூ உயிரோட இருக்கு, ரோம படிக்க போகுது, படிச்சது தப்பா இருக்கு, குழம்பி நின்னுடுது. அப்போ தேட வேண்டிய இடம் சிபியூவுக்கும் ரோமுக்கும் நடுவுல.

ஆர்வலர்கள் வரைஞ்சு பகிர்ந்து வச்சிருக்கிற ஸ்கீமேட்டிக்க, அதாவது சர்க்யூட் வரைபடத்த, பிரிண்ட் எடுத்து, மல்டிமீட்டரோட ஒரு முனை ஸ்லாட்டுல, இன்னொண்ணு ரோம் சாக்கெட்டுல, ஒவ்வொரு லைனா. பீப் சத்தத்த மட்டும் நம்பாதீங்க, பல மீட்டர் 30 ஓம் இருந்தாகூட பீப் அடிக்கும், அரிச்சு பாதி செத்த ட்ராக்கும் பாஸாயிடும். ஓம்ஸ்ல வச்சு 1 ஓமுக்கு கீழ வருதான்னு பாக்கணும். முனைய ரொம்ப அழுத்தவும் கூடாது, விட்டுப்போன கால் அழுத்தத்துல ஒட்டிக்கிட்டு நல்லா இருக்கிற மாதிரி காட்டும். டேட்டா 32 லைனும் சரி. அட்ரஸ்ல ஏ2ல இருந்து வரிசையா டிக் போட்டுட்டே வந்தேன், 0.3, 0.4, 0.3, ஏ14 வந்தப்போ மீட்டர் ஒண்ணுமே காட்டல. மறுபடி வச்சேன், ஒண்ணுமில்ல. மணி ராத்திரி ஒண்ணரை, வீட்ல எல்லாரும் தூங்கறாங்க, நான் மட்டும் "கெடச்சுடுச்சு"ன்னு சத்தமா சொல்லிட்டேன்.

அந்த ட்ராக் போற வழிய பின்தொடர்ந்தா ஒரு கெபாசிட்டருக்கு ஒட்டினாப்ல ஒரு வயா. மேல பாத்தா பச்சை மாஸ்க், அதாவது செம்புக்கு மேல பூசற காப்பு, முழுசா நல்லாதான் தெரியுது, லென்ஸ் வச்சு பாத்தா மாஸ்க்குக்கு கீழ செம்பு நிறத்துக்கு பதிலா கறுப்பு. பிளேடு நுனில லேசா சுரண்டினேன், செம்பு பொடியா உதிர்ந்துச்சு. உள்ள ஓட்டைல பூசியிருந்த செம்பே இல்ல. கழுவும்போது இதெல்லாம் தெரிய வாய்ப்பே கிடையாது.

ரெண்டு பக்கமும் நல்ல செம்பு வர்ற வரைக்கும் சுரண்டி, ஈயம் பூசி, தலைமுடி கனத்துல எனாமல் வயர் ஒண்ண எடுத்து முனைய மட்டும் சுட்டு இன்சுலேஷன எரிச்சு, ட்ராக் போன பாதையிலயே படுக்க வச்சு சால்டர் பண்ணேன். மேல யூவி மாஸ்க் ஒரு சொட்டு. 0.3 ஓம்.

ஸ்விட்ச போட்டேன். கோடு வந்துச்சு, ஒரு நொடி, அப்படியே அழிஞ்சு சாம்பல் நிறமாச்சு, நடுவுல சின்னதா ஒரு ஃப்ளாப்பி படம், அதுல கேள்விக்குறி மின்னுச்சு. டிஸ்க் எங்கன்னு கேக்குது. முப்பது வருஷத்துக்கு மேல பழைய மெஷின் ஒண்ணு என்கிட்ட கேள்வி கேட்டப்போ கண்ணு கலங்கிடுச்சு, சொல்றதுல எனக்கு வெக்கமில்ல.

மணிச்சத்தம் மட்டும் அப்பவும் வரல. அது பெரிய வேலை இல்ல, சவுண்ட் சிப்பும் கசிஞ்ச கெபாசிட்டருக்கு பக்கத்துலயே இருக்கு, அதோட ரெண்டு கால் சால்டர் விட்டிருந்துச்சு, ஃப்ளக்ஸ் போட்டு இழுத்துவிட்டதும் "டிங்"னு வந்துச்சு. பழைய ஹார்ட் டிஸ்க் சுத்தவே இல்ல, அதுக்கு பதிலா எஸ்டி கார்டு போடற ப்ளூஸ்கஸி மாட்டி சிஸ்டம் 7 ஏத்திட்டேன். பேட்டரி இல்லாததால ஒவ்வொரு தடவையும் தேதி 1904 ஜனவரி 1ன்னு காட்டுது, மேக்கோட காலண்டர் தொடங்கறது அன்னிக்குதான். பரவாயில்ல, தேதிய நானே போட்டுக்கறேன், மறுபடி அந்த பேட்டரிய உள்ள விடமாட்டேன்.

இப்போ ஃப்ளாப்பி டிரைவ் பாக்கி. டிஸ்க உள்ள வாங்கிக்குது, படிக்குது, வெளிய தள்ள மாட்டேங்குது. இஜெக்ட் மோட்டார்ல இருக்கிற மஞ்ச கியர் பல்லு பல்லா நொறுங்கி உள்ளயே கிடக்கு, புது கியர் வந்ததும் அத பிரிக்கணும்.