கடைசிக் கட்டம்

ரொறன்ரோவில் நான் வந்து இறங்கியது 2018 செப்டம்பரில். ஒக்டோபர் நடுப்பகுதியில் ஸ்காபரோவில் பொருட்களைப் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. கணவர் நெடுந்தூர லொறி ஓட்டுபவர். கிழமையில் ஐந்து நாள் அவருக்கு அமெரிக்க நெடுஞ்சாலைகளில் கழியும். இருட்டோடு எழுந்து, மார்க்கம் வீதியில் 102ஆம் இலக்க பஸ்ஸுக்குக் காத்து நின்று, பின்னேரம் நிலக்கீழ் வீட்டுக்குத் திரும்பினால் சுவரோடுதான் கதைக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள் மதியம், சாப்பாட்டு அறையின் பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட தாள். முதல் கட்டத்தில் பெயர், அடுத்ததில் வெற்றிகள், அதற்கடுத்ததில் கிழக்குப் பிரிவில் எத்தனையாம் இடம், கடைசிக் கட்டத்தில் எங்கே முடியும் என்று தலைப்பிட்டிருந்தார்கள். ராப்டர்ஸ் என்ற கூடைப்பந்து அணியின் பருவம் அன்றிரவு தொடங்குகிறது என்றும், முதல் ஆட்டத்துக்கு முன்னர் எல்லோரும் எழுதிவிட வேண்டும் என்றும் சொன்னார்கள்.

"தங்கச்சி, நீரும் ஒன்று எழுதும்" என்று பேனையை நீட்டினார் ஓர் அண்ணா. கொக்குவில்காரர். 1993இல் வந்தவர். அந்தத் தொழிற்சாலையில் அவரைவிடப் பழைய ஆள் இல்லை.

ஏப்ரல்வரை போகும் பருவம். அதற்குப் பிறகு ஜூன்வரை பிளேஓஃப், இரண்டு அணிகளில் முதலில் நான்கு ஆட்டம் வெல்வது மற்றதை வெளியேற்றும் சுற்றுகள். அவ்வளவு தூரத்தில் நடக்கப்போவதை இன்றைக்கே எழுதச் சொல்கிறாரே என்று எனக்குக் கை வரவில்லை. எங்கள் வீட்டில் அம்மா அடுத்த மாதத்தைப் பற்றிச் சொன்னாலும் "கடவுள் விட்டால்" என்று சேர்க்காமல் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து ஆடினேன். வளையத்துக்குப் போடும் ஆள் நான்தான். 2006இல் எங்கள் அணி அகில இலங்கைப் போட்டிக்குத் தெரிவானது. ஓகஸ்ட் கடைசியில் கொழும்புக்குப் போக வேண்டும். புதுச் சீருடை தைத்து, என் முதுகில் எந்த எழுத்து வர வேண்டும் என்றுகூட முடிவாகியிருந்தது. ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே போகும் ஏ9 பாதை மூடப்பட்டது. சீருடை அலுமாரியிலேயே கிடந்தது. தோற்றிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்போம். ஆடாமல் போன ஆட்டத்தை எப்படி மறப்பது?

இதையெல்லாம் அண்ணாவிடம் அன்றைக்குச் சொல்லவில்லை. "எனக்கு ஒன்றும் தெரியாதே" என்றேன். "போன முறை எத்தனை என்று தெரிந்தால் போதும், 59" என்றார். நானும் 59 என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தை வெறுமையாக விட்டேன். அதைப் பிளேஓஃப் தொடங்க முதல் நிரப்பினால் போதும் என்று எனக்கு மட்டும் சலுகை தந்தார்கள்.

அண்ணாவின் கணக்கு என் கணக்கைப் போல இல்லை. 82 ஆட்ட அட்டவணை முழுவதையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 41 சொந்த மண்ணில், 41 வெளியில். அடுத்தடுத்த இரவுகளில் ஆடும் ஆட்டங்களில் இரண்டாவதற்குக் கழித்தல் அடையாளம். மேற்குக் கரைக்குப் போய்வரும் பயணங்களுக்கு இன்னொரு கழித்தல். அந்த ஆண்டு கணக்கைக் குழப்பியவர் கவாய் லெனார்ட். ஜூலையில்தான் சான் அன்ரோனியோ அணியிலிருந்து வந்திருந்தார். காயத்தால் முந்திய பருவத்தில் ஒன்பது ஆட்டம் மட்டுமே ஆடியவர். எத்தனை இரவுகள் ஆடுவார், எத்தனை இரவுகள் ஓய்வெடுப்பார், அடுத்த ஆண்டு இங்கே இருப்பாரா, ஒருவருக்கும் தெரியாது. அண்ணா 52 என்று எழுதினார். கடைசிக் கட்டத்தில், தான் பல ஆண்டுகளாக எழுதிவருவதையே எழுதினார்: இரண்டாம் சுற்று.

அதை அவநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது. லெனார்டுக்காகக் கொடுக்கப்பட்டவர் டிமார் டிரோசன். ஒன்பது பருவம் ரொறன்ரோவுக்காக ஆடியவர். அந்தப் பெயரை அண்ணா ஊரைவிட்டுப் போன பிள்ளையின் பெயரைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். 59 ஆட்டம் வென்று கொடுத்த பயிற்சியாளரையும் அதே கோடையில் நீக்கிவிட்டார்கள். 2016, 2017, 2018 என்று மூன்று ஆண்டும் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லண்ட் அணி இவர்களை வெளியேற்றியது. கடைசி இரண்டு தடவையும் இரண்டாம் சுற்றில், நான்குக்குப் பூச்சியம். அதற்கு முன்னர் 2001இல் பிலடெல்பியாவில் ஏழாவது ஆட்டம். ரொறன்ரோவின் வின்ஸ் கார்ட்டர் கடைசி நொடியில் மூலையிலிருந்து எறிந்த பந்து விழவில்லை. 88-87. அதுவும் இரண்டாம் சுற்று. இத்தனையையும் பார்த்த கண்.

ஆனால் அதே அண்ணாதான் 1996 மார்ச்சில் ஸ்கைடோம் அரங்கின் உச்சி வரிசையில் மலிவு டிக்கெட்டில் இருந்து சிக்காகோ புல்ஸ் தோற்றதையும் பார்த்தவர். அந்தப் பருவத்தில் புல்ஸ் 72 வென்று 10 மட்டுமே தோற்றது. அந்தப் பத்தில் ஒன்று, அப்போதுதான் பிறந்திருந்த, முதல் பருவத்தில் 21 மட்டுமே வென்ற ரொறன்ரோவிடம். 109-108. "அதை எந்தத் தாளிலும் ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள் தங்கச்சி" என்பார். நாட்டுக்கு வந்து மூன்றாவது குளிர்காலம். தம்பியைக் கூப்பிடுவதற்காகச் சேர்த்த காசில் அந்த டிக்கெட்டுக்கு எடுத்தாராம். அதைச் சொல்லும்போது இன்னும் குரல் தாழ்ந்துவிடும்.

பிலிப்பீன்ஸ் அக்கா 57 எழுதினார். அவர்கள் ஊரில் கூடைப்பந்து என்றால் உயிர். தென்னையில் வளையம் அடித்து வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவர். ஜமெய்க்கா மேற்பார்வையாளர் 54. பொஸ்ரன்தான் கிழக்கில் முதலாவது என்று அவர் அடித்துச் சொன்னார், அந்த ஆண்டு நிறையப் பேர் அப்படித்தான் சொன்னார்கள். அது 49 வெற்றியோடு நான்காவதாக முடிந்தது.

நான் ஆட்டம் பார்க்கத் தொடங்கியது என் எண்ணுக்காகத்தான். முதல் பதின்மூன்றில் பன்னிரண்டு வென்றார்கள். கண் வலைப்பந்தில் பழகியது என்பதால் பந்தோடு நடப்பதைப் பார்க்கவே ஒருமாதிரி இருந்தது. எங்கள் வளையத்துக்குப் பின்னால் பலகை இல்லை. பந்து தட்டித் திரும்பி விழ ஒன்றுமில்லை. மேலே உயர்த்தி, நேரே விழுத்த வேண்டும். உயரம் ஒன்றுதான், பத்தடி. எங்கள் வளையம் இன்னும் ஒடுக்கம். இதை ஒருநாள் சாப்பாட்டு அறையில் சொன்னேன். நான் விமானம் ஏறிய அந்த மாதத்தில்தான் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய இலங்கை அணி சிங்கப்பூரில் ஆசியக் கிண்ணத்தை வென்றது, அவர் ஆறடி பத்து அங்குலம், எங்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்றும் சொன்னேன். மேற்பார்வையாளர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, தலைக்குமேல் கையை உயர்த்தி அளந்து, கண்ணை அகல விரித்தார். அதுவரை அந்த அறையில் நான் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். ஜமெய்க்காவிலும் பெண்பிள்ளைகள் வலைப்பந்துதான் ஆடுவார்களாம். அவருடைய தங்கையும் ஆடியவராம். அதற்குப் பிறகு எனக்கு அந்த மேசையில் ஒரு கதிரை நிரந்தரமானது.

பெப்ரவரி குளிரில் பஸ் தரிப்பிடத்தில் கண்மடல் உறையும்போதுகூட நான் கணக்குத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்னும் இருபத்துமூன்று ஆட்டம், 59க்கு எத்தனை வேண்டும்? ஊரை நினைத்து அழும் நேரத்தை அந்தக் கழித்தல் கூட்டல் கொஞ்சம் பறித்துக்கொண்டது. டிரோசன் சான் அன்ரோனியோ அணியோடு ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்த இரவில் கூட்டம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. கடைசி நேரத்தில் அவருடைய கையிலிருந்த பந்தை லெனார்ட் தட்டிப் பறித்து ஓடிப் போட்டார். 120-117. வென்றுவிட்டோம் என்று நான் சொன்னேன். அண்ணா மறுநாள் முழுக்கக் கதைக்கவில்லை.

பருவம் 58 வெற்றியோடு முடிந்தது. சொந்த மண்ணில் 32, வெளியில் 26. லெனார்ட் ஆடியது 60 ஆட்டம். கிழக்கில் இரண்டாம் இடம். 57 எழுதிய அக்காவும் 59 எழுதிய நானும் ஒன்றால் தவறியிருந்தோம். மற்றவர்கள் எங்கள் இருவருக்கும் டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியும் ஒரு பெட்டி டோனட்டும் வாங்கித் தந்தார்கள். வெறுமையான அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி அக்கா பேனையைத் தந்தார். கிண்ணம் என்று எழுத எனக்குத் துணிவில்லை. இரண்டாம் சுற்று என்று எழுத விருப்பமுமில்லை. "இறுதிவரை" என்று தமிழில் எழுதினேன். கடைசி நாள்வரை ஆடட்டும், நடுவழியில் யாரும் நிற்பாட்டாமல் இருக்கட்டும் என்பதுதான் அதற்கு அர்த்தம். அண்ணா வாசித்துவிட்டு மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தினார்.

மே 12, அன்னையர் தினம். அண்ணாவின் வீட்டில் ஆட்டம் பார்க்கக் கூடியிருந்தோம். அக்காவும் வந்திருந்தார். அண்ணி பொரித்த மட்டன் ரோல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. அதே பிலடெல்பியா, அதே இரண்டாம் சுற்று, அதே ஏழாவது ஆட்டம். 90-90. நான்கு நொடி சொச்சம். லெனார்ட் வலது மூலைவரை ஓடிப்போய், பிலடெல்பியாவின் எம்பீட் நீட்டிய கைக்கு மேலால் உயர்த்தி எறிந்தார். பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பியது. அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. தாழ்வாக வரும் பந்து இரும்பில் பட்டால் தெறித்து ஓடிவிடும். உயரத்திலிருந்து விழும் பந்துக்கு இரும்பு இன்னொரு தவணை கொடுக்கும். பாடசாலை மைதானத்தில் ஆயிரம் தடவை பார்த்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பட்டு உள்ளே விழுந்தது. 92-90. நான் கத்தியதில் அண்ணி குசினியிலிருந்து ஓடிவந்தார். அண்ணா கண்ணைத் திறந்து "விழுந்ததா?" என்று கேட்டார். பதினெட்டு ஆண்டு.

மில்வோக்கியிடம் முதல் இரண்டு ஆட்டமும் தோற்று, பிறகு நான்கையும் தொடர்ச்சியாக வென்றார்கள். இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட். ஜூன் 13 இரவு 114-110 என்று முடிந்து, அமெரிக்காவுக்கு வெளியே முதல் தடவையாகக் கிண்ணம் வந்தபோது மார்க்கம் வீதியில் விடியவிடிய கார் ஹோர்ன் ஓயவில்லை. காலையில் ஆறு மணி வேலைக்கு ஒருவரும் தூங்காமல் வந்திருந்தோம். பிரிட்ஜ் கதவில் என் கட்டத்தைச் சுற்றி யாரோ சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார்கள்.

2019 ஒக்டோபரில் புதுத் தாள் ஒட்டியபோது லெனார்ட் லொஸ் ஏஞ்சலிஸுக்குப் போயிருந்தார். எல்லோருடைய எண்ணும் இறங்கியது. அண்ணா மட்டும் 55 என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் முதல் தடவையாக இரண்டாம் சுற்றை விட்டுவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே "இறுதிவரை" என்று எழுதினார்.

2020 மார்ச் 11இல் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. 46 வென்று 18 தோற்றிருந்தார்கள். தொழிற்சாலை மூடவில்லை, எங்களுக்கிடையில் பிளாஸ்டிக் திரைகள் தொங்கவிட்டார்கள். அண்ணாவுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். ஒரு மேசைக்கு ஒருவராகச் சாப்பிடும்போது அந்தத் தாளைப் பார்ப்பேன். அலுமாரிக்குள் கிடந்த சீருடையின் துணி வாசனை மூக்கில் வந்து நிற்கும். ஒருநாள் சுத்தம் செய்பவர் அதைக் கிழிக்கப் போனபோது, "வேண்டாம், இன்னும் முடியவில்லை" என்று தடுத்தேன். ஒட்டுநாடா காய்ந்து உரிந்த இடத்தில் புதிதாக ஒட்டினேன்.

ஓகஸ்ட்டில் புளோரிடாவில், பார்வையாளர் இல்லாத அரங்கில் மறுபடி தொடங்கினார்கள். பருவம் 53க்கு 19 என்று முடிந்தது, லெனார்ட் இல்லாமலே கிழக்கில் இரண்டாம் இடம். செப்டம்பர் 11ஆம் திகதி இரண்டாம் சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் பொஸ்ரனிடம் 92-87 என்று தோற்றார்கள். ஐந்து நிமிடத்தில் அண்ணாவின் தொலைபேசி அழைப்பு வந்தது.

"தங்கச்சி, இரண்டாம் சுற்று" என்றார். குரல் தளர்ந்திருந்தது.

"ஓம் அண்ணா. ஆனால் ஆடி முடித்துவிட்டார்கள்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பின்னால் அண்ணி தொலைக்காட்சியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஓம்," என்றார், "ஆடி முடித்துவிட்டார்கள். நாளைக்கு அந்தத் தாளைக் கழற்றும்."