அரசாணிக்காயும் கறுப்புப் புள்ளிகளும்: ஐந்தாவது அச்சு வரை

ஜப்பானின் மட்சுமோட்டோ நகரில் 1929இல், விதையும் நாற்றும் விற்ற குடும்பத்தில் பிறந்த யாயோய் குசாமா, 1979 முதல் அச்சுக்கலையில் ஈடுபட்டு, பூசணியை, வலைத்துணி வழியே மையைத் தள்ளும் திரையச்சிலும் கல்லில் வரைந்து எடுக்கும் கல்லச்சிலும் திரும்பத் திரும்பப் படைத்து வருபவர். அவருடைய மஞ்சள் பூசணிகளில் நிழல் தீட்டப்படுவதில்லை. தட்டையான மஞ்சளின் மேல் கறுப்புப் புள்ளிகள்தாம் உள்ளன. அப்படியிருந்தும் காய் உருண்டு திரண்டு நிற்பது எப்படி என்பதை என் கையால் செய்து அறிய விரும்பினேன்.

திருப்பூரில் பனியனுக்குப் பிரிண்டிங் செய்யும் பட்டறைகள் நிறைய இருப்பதால் திரையச்சுக்கு வேண்டிய சட்டம், அதில் கட்டும் மெஷ் என்ற வலைத்துணி, மையைத் தள்ளும் ஸ்கீஜி ஆகியவை எளிதில் கிடைத்தன. மாதிரிக்குச் சந்தையில் ஓர் அரசாணிக்காய் வாங்கினேன். பரங்கிக்காய்க்குக் கொங்குப் பகுதியில் நாங்கள் வழங்கும் பெயர் அது.

முதல் அச்சில் எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில் வைத்ததால், புள்ளிச் சேலையைக் காய் வடிவில் கத்தரித்ததைப் போல அது தட்டையாகவே இருந்தது. பிறகு ஒரே அளவுள்ள ஸ்டிக்கர் பொட்டுகளைக் காயின் மேல் ஒட்டி நேர் எதிரே அமர்ந்து பார்த்தேன். புடைப்பின் உச்சியில் இருந்தவை முழு வட்டமாகத் தெரிந்தன. பள்ளத்தை நோக்கிச் சரிந்தவை ஒடுங்கித் தெரிந்தன. குசாமா அவற்றை நீள்வட்டமாக்காமல் பெரும்பாலும் வட்டமாகவே விட்டு, பள்ளத்தை நெருங்க நெருங்க அளவை மட்டும் குறைக்கிறார். கண் மீதியை நிரப்பிக்கொள்கிறது. இந்தத் துணிவான சுருக்கமே அவருடைய அச்சுகளின் உயிர் என்று கருதுகிறேன்.

அடுத்த இரண்டு அச்சுகளில் சிறிய புள்ளிகள் விழவேயில்லை. பக்கத்துப் பட்டறை அண்ணன், புள்ளிகளைக் கறுப்பில் பதித்த ஒளிபுகும் தாளான பாசிட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “கறுப்பு பத்தலீங்க, லைட்டு உள்ள போயிருச்சுங்க” என்றார். மெஷ்ஷில் பூசும் எமல்ஷன் என்ற பூச்சு ஒளி பட்ட இடத்தில் இறுகிவிடும் என்பதால், கறுப்பு வெளிறிய சிறு புள்ளிகள் கழுவும்போது திறக்கவில்லை. அடர்ந்த கறுப்பில் பாசிட்டிவை மீண்டும் எடுத்து, செ.மீ.க்கு 43 இழை கொண்ட மெஷ்ஷுக்குப் பதிலாக அதைவிட நெருக்கமான 77 இழை மெஷ்ஷைக் கட்டினேன். நான்காவதில் கறுப்பு மைக்கான சட்டம் சற்று விலகி, புள்ளிகள் காயின் விளிம்பைத் தாண்டின.

ஐந்தாவதில் மஞ்சளும் கறுப்பும் சரியாகப் பொருந்தின. நடுப்புடைப்பு முன்னால் வந்து நிற்கிறது. காம்பைச் சுற்றி மட்டும் புள்ளிகள் நெருங்கி ஒட்டிக்கொண்டதால் அந்தப் பகுதியை மறுபடி வரைய வேண்டும். காயின் பின்னணியில் வரும் வலைக்கோலத்துக்கான சட்டம் எமல்ஷன் பூசி இருட்டறையில் காய்கிறது. பொட்டு வைத்த அரசாணிக்காயை, காம்புப் பகுதி வரைந்து முடியும் வரை சமையலுக்கு எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன்.