டச் பே மணலும் சீமெந்துத் தரையும்: பார்கூர் இறங்கல் நாட்குறிப்பு

2025 ஜூன் 1, ஞாயிறு

பார்கூர் என்பது சுவர், படி, கம்பி என்று வழியில் வருகிற தடைகளை ஓடியும் பாய்ந்தும் கடக்கிற பயிற்சி. திருகோணமலைப் பெடியன்கள் அதற்குப் பாயப் பழகுவது பெரும்பாலும் கடற்கரையில். டச் பே மணல் எந்தப் பிழையையும் பொறுத்துக்கொள்ளும், அதுதான் கெடுதல். காய்ந்த மணலில் குதிக்காலை ஊன்றி விழுந்தாலும் கால் புதைந்து வேகம் அடங்கிவிடும். பிழை விட்டதே தெரியாது. அதே இறங்கலைச் சீமெந்தில் செய்தால் அடி முழங்கால், இடுப்பு, முதுகு என்று நேரே ஏறும்.

கணக்குப் போட்டாலே விளங்கும். 1 மீற்றர் உயரத்திலிருந்து விழுகிற உடம்பு தரையைத் தொடும்போது வேகம் செக்கனுக்கு 4.4 மீற்றர், அதாவது மணிக்கு 16 கிலோமீற்றர் அளவில். அதை 10 செ.மீ.க்குள் நிறுத்தினால் கால்கள் தாங்கும் சராசரிப் பாரம் உடல் எடையின் 11 மடங்கு. முழங்காலும் இடுப்பும் மடிந்து உடம்பு 40 செ.மீ. தாழ்ந்து நின்றால் மூன்றரை மடங்குதான். காய்ந்த மணல் இந்தத் தூரத்தில் ஒரு பங்கைத் தானே தந்துவிடுகிறது. சீமெந்தில் முழுவதையும் கால்தான் தரவேண்டும்.

ஜூன் 4, புதன்

மணலை விடவேண்டியதில்லை, இடத்தை மாற்றினால் போதும். அலை வந்து இறுக்கிவிட்டுப் போன ஈரமணல் தரைக்குக் கிட்டிய கடினம். அதோடு காலடியைப் பதிந்தும் வைத்திருக்கும். நின்ற நிலையில் ஒரு பாய்ச்சல், 3 செக்கன் அசையாமல் நிற்பு, பிறகு பின்னால் விலகித் தடத்தைக் குனிந்து பாருங்கள்.

குதிக்கால் குழி ஆழமாக இருந்தால் உடம்பு பின்னால் சாய்ந்து வந்திருக்கிறது. முன்பாதக் குழி ஆழமாகவும் குதிக்கால் லேசாகத் தொட்டும் இருந்தால் சரி. ஒரு கால் மட்டும் ஆழம் என்றால் பாரம் ஒரு பக்கம் விழுந்திருக்கிறது. அநேகமாக அந்தக் கால்தான் முந்தித் தொட்டிருக்கும். பெருவிரல் பக்க விளிம்பு மட்டும் வெட்டுப்பட்டதுபோல இறங்கியிருந்தால் முழங்கால்கள் உள்ளே மடங்கியிருக்கின்றன என்று சந்தேகப்படுங்கள். இதுதான் ஆபத்தானது, முழங்கால் தசைநார் கிழிவதற்கு இந்த மடங்கல் ஒரு முக்கிய காரணம். முன்விளிம்பில் மணல் குவிந்திருந்தால் கால் வழுக்கியிருக்கிறது. சீமெந்தில் வந்தால் அது விழுகை.

அலை தடத்தை அழிக்க முதல் பார்த்துவிடவேண்டும் என்பதுதான் ஒரே அவசரம்.

ஜூன் 8, ஞாயிறு

இனிச் சீமெந்து. உயரம் ஒரு படிக்கட்டு, 20 செ.மீ. அளவு. அதில் 10 தடவை பிழையில்லாமல் வந்தபிறகு முழங்கால் உயரம், அதற்குப் பிறகு இடுப்பு உயரம். இடையில் பாயக்கூடாது.

பாதங்கள் இடுப்பகலத்தில் இருக்கட்டும். காற்றில் இருக்கும்போதே முழங்காலைக் கொஞ்சம் மடித்து வைத்திருங்கள். விறைத்த காலோடு தொட்டால் மடிக்க நேரம் கிடையாது. முன்பாதம் தொடும், குதிக்கால் தரைக்கு மேலே மிதந்தபடி தாழும், அதோடு கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஒன்றாக மடியும். முழங்கால் இரண்டாவது கால்விரலின் திசையில் போகவேண்டும். 90 பாகைக்குக் கீழே இறங்கவேண்டாம். அதற்குமேல் மடிந்தால் முழங்காலுக்குப் பாரம் கூடும், திரும்ப எழும்ப விசையும் இராது, சிலவேளை முழங்காலே நாடியில் வந்து இடிக்கும். நாக்கைப் பல்லுக்கிடையில் விடாதீர்கள்.

கண்ணை மூடிக்கொண்டு மற்றவர் இறங்குவதைக் கேளுங்கள். ‘தொம்’ என்றால் குதிக்கால். ‘டப் டப்’ என்று இரண்டு சத்தம் என்றால் ஒரு கால் பிந்தியது. சத்தம் இல்லாதது வேண்டும். பிரான்ஸின் லிஸ் ஊரில் பார்கூரைத் தொடக்கிய டேவிட் பெல்லும் கூட்டாளிகளும் பழகியது சீமெந்துச் சுவர்களில். மணல் என்கிற சலுகை அங்கே இல்லை.

ஜூன் 11, புதன்

இடமும் சப்பாத்தும். கோட்டை மதில் வேண்டாம். போர்த்துக்கேயர் காலத்தில் தொடங்கிய கோட்டை அது, பாதுகாக்கப்பட்ட சின்னம், உள்ளே இராணுவமும் இருக்கிறது. கோணேசர் கோயில் படிகளும் அப்படியே. கடலோரச் சுவரில் பச்சைப் பாசி பிடித்த பகுதியைத் தொடவே வேண்டாம்.

கைப்பிடிக் கம்பி என்றால் அடியைப் பாருங்கள். உப்புக் காற்றில் துரு மேலே தெரியாது, கம்பி சீமெந்துக்குள் போகிற இடத்திலும் ஒட்டு வைத்த இடத்திலும்தான் தின்னும். பெயின்ற் கொப்பளித்திருந்தால் உள்ளே இரும்பு இல்லை என்றே எடுங்கள். கையால் ஆட்டி, குதிக்காலால் உதைத்து, பிறகுதான் ஏறுவது.

சப்பாத்து மெல்லிய, தட்டையான, முழு நீளமும் ஒரே இறப்பர் அடி. பாதத்தின் நடுவில் கடின பிளாஸ்டிக் உள்ளது கம்பியில் வழுக்கும். அடியில் ஒட்டிய மணல் குண்டுமணிபோல உருளும், ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். மெத்தென்ற தடித்த ஓட்டச் சப்பாத்து வாங்கினால் காசும் வீண், கணுக்காலும் தளம்பும்.

ஜூன் 15, ஞாயிறு

குறிப்பாய்ச்சல். ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு, இரண்டு காலும் ஒன்றாக, நின்ற இடத்தில் நிற்பது. தரையில் சோக்கட்டியால் கோடு போட்டுத் தொடங்குங்கள். பிறகு வீதியோரக் கட்டு. தூரத்தை உங்கள் பாதத்தாலேயே அளங்கள்: முதலில் 5 பாதம். பத்துக்கு எட்டு 3 செக்கன் நின்றால் அரைப் பாதம் கூட்டுங்கள். தள்ளாடிச் சமாளித்தது கணக்கில் சேராது.

விளிம்பில் முன்பாதம் இருக்கும், குதிக்கால் வெளியே தொங்கும். பாதத்தின் நடுவால் பிடிக்கப் பார்த்தால் கணுக்கால் வேலை செய்ய இடமில்லை.

பின்னால் விழுகிறதென்றால் இடுப்பு பிந்தி வந்திருக்கிறது, கைகளும் முன்னால் வரவில்லை. முன்னால் போகிறதென்றால் பாய்ச்சல் தட்டையாக இருந்திருக்கிறது. தட்டையாக வருகிற காலுக்கு முன்னோக்கிய வேகம் நிற்காது. கொஞ்சம் உயர எழும்பி மேலிருந்து இறங்கினால் நிற்கும். கண் கடைசிவரை விளிம்பில்.

பிழைத்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்தே பழகவேண்டும். கூடிப்போனால் ஒரு காலை முன்னே வைத்துக் கடந்து போங்கள். குறைந்தால் விளிம்பை உதைத்துப் பின்னால் குதித்து நில்லுங்கள். தயங்கினால்தான் கணைக்கால் எலும்பு விளிம்பில் தேயும்.

ஜூன் 18, புதன்

கச்சான் காற்று, தென்மேற்கிலிருந்து வருகிற வறண்ட காற்று. நடைபாதை முழுக்க மணல், நாலு மணிக்குக் கம்பி கை வைக்க ஏலாத சூடு. பயிற்சி காலை 6 மணிக்கு மாறுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

உருளல். தலையுயரத்துக்குக் கிட்டவோ ஓடிவந்து பாயும்போதோ கால் மட்டும் போதாது. காய்ந்த மணலுக்கு இங்கேதான் வேலை உண்டு: குந்திய நிலையிலிருந்து தொடங்குங்கள்.

வலத்தோளால் உருண்டால் முதுகுக்குக் குறுக்காக இடது இடுப்பில் முடியவேண்டும். நாடி நெஞ்சோடு, பார்வை இடது கக்கத்துக்கு. கை தரையில் வழிகாட்ட மட்டும், பாரம் தாங்க அல்ல. முடிந்ததும் மணலை முதுகில் பாருங்கள்: நடுமுள்ளந்தண்டு நெடுக ஒட்டியிருந்தால் நேரே உருண்டிருக்கிறீர்கள். தோள் முனை நொந்தால் கை மடங்கிவிட்டது. குறுக்குக் கோடாக ஒட்டியிருந்தால் புல்லுக்குப் போகலாம், சீமெந்து அதற்குப் பிறகு.

நேர் கீழே விழுந்துவிட்டு உருள முயல்வது வீண். முன்னோக்கிய வேகம் இருந்தால்தான் உருளல் அதைக் கொண்டுபோகும்.

ஜூன் 29, ஞாயிறு

கணுக்கால். கிழமையில் 2 நாள் பாய்ச்சல், இடையில் 48 மணித்தியாலம். ஓய்வு நாளில் பல்லுத் தீட்டும்போது ஒற்றைக் காலில் 30 செக்கன், பிறகு கண்ணை மூடி. தாழ்ந்த கம்பியில் நடக்கும்போது காலைப் பார்க்காமல் கம்பியின் மறுமுனையைப் பாருங்கள்.

மறுநாள் படி இறங்க முழங்கால் சில்லுக்குக் கீழே நொந்தால் உயரத்தைக் குறைத்து எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். உளுக்கிவிட்டால் உடனே எண்ணெய் போட்டு உருவக் கொண்டுபோகிற பழக்கம் நம்மிடம் உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் அது வீக்கத்தைக் கூட்டும். துணி சுற்றிய ஐஸ், இறுக்கிய கட்டு, கால் உயர. நாலு அடி நடக்க ஏலாவிட்டால், அல்லது கணுக்கால் மொளியின் பின்விளிம்பை அழுத்த நொந்தால், எக்ஸ்ரே எடுக்காமல் திரும்ப வீதியோரக் கட்டின்மேல் ஏறவேண்டாம்.