துதிக்கை வைத்த லை

அப்பாவின் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த பழைய தகரப் பெயர்ப்பலகையை போன மாதம் வெளியில் எடுத்துத் துடைத்தேன். ஓரமெல்லாம் கறள். ஆனால் எழுத்து அப்படியே இருக்கிறது. மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே ஆங்கிலம், மூன்றும் ஒரே ஆளின் கை. சிங்கள எழுத்து முழுக்க வளைவு, தமிழில் ப, ட எல்லாம் மூலை மூலையாக நிற்கும்; இரண்டும் ஒன்றையொன்று முறைக்காமல் இருக்க ப-வின் மூலைகளைக் கொஞ்சம் உருட்டி எழுதியிருக்கிறார் அந்த ஆர்ட்டிஸ்ட்.

அவர் எழுதியபோது நூலின் ஒரு முனையைப் பிடித்தது நான்தான். சோக்குத் தூள் தடவிய நூலை இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் தகரத்தில் நேர்கோடு விழும். துணி சுற்றிய தடியை இடது கையில் பிடித்து, வலது மணிக்கட்டை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் எனாமல் தொட்டு எழுதுவார். புள்ளிகளை மட்டும் கடைசிக்கு விட்டுவிட்டு, பிறகு அந்தப் புள்ளிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வைப்பார். எங்கள் ஊர்ப் பெயரான திருகோணமலை என்பதில் உள்ள லை-க்குப் பழைய துதிக்கை வடிவம், யானைத் துதிக்கை போல ல-வோடு ஒட்டி வளையும் ஐகாரக் குறி. தமிழ்நாட்டில் அதை நீக்கி 1978இல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகும் எங்கள் பக்கத்துப் பலகைகளில் அந்தத் துதிக்கை கனகாலம் இருந்தது.

அப்புறம் நாங்களும் பிளெக்ஸுக்கு மாறினோம். காலையில் கொடுத்தால் பின்னேரம் கைக்கு வரும், விலையும் குறைவு, அப்பாவைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த பனரில் "பொருட்கள்" என்பதன் கொம்பு ப-வுக்குப் பின்னால் நின்றது, கேட்டால் கம்ப்யூட்டரில் அப்படித்தான் வருகிறது என்றார்கள். கச்சான் காற்றும் வெயிலும் இரண்டு வருடம் அடித்ததில் சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் மட்டும் மிஞ்சியது. இன்று மத்திய வீதியில் நடந்து பாருங்கள், நகைக்கடைக்கும் பார்மசிக்கும் பாமினி என்ற ஒரே கம்ப்யூட்டர் எழுத்துரு. முன்பு ஒரு பலகையைப் பார்த்தே யார் எழுதியது என்று சொல்லிவிடலாம். எனக்கு அதுதான் பெரிய இழப்பு.

கையால் எழுதும் வேலை இன்னும் மிஞ்சியிருப்பது படகுகளில். கரையில் இழுக்கும்போது மணல் உரசுவதற்கும் உப்புத் தண்ணீருக்கும் ஸ்டிக்கர் தாங்காது. திருக்கடலூர் கரையில் ஒரு பெரியவர் பைபர் படகின் வளைவில் அம்மன் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் தகரத்தைக் காட்டி, இதே எழுத்தின் மேல் புது பெயின்ற் அடித்துத் தருவீர்களா ஐயா என்று கேட்டேன். பிரஷைக் கழுவிக்கொண்டே லை-யை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதியவரின் பெயரைச் சொன்னார், சரியாக.

"அவர்ர கைக்கு மேல நான் எழுத மாட்டன் தம்பி. வேற தகரம் கொண்டு வாங்க."

தகரம் வாங்கிவிட்டேன். வருகிற ஞாயிறு வருகிறார். நூல் பிடிக்க என் மகள் இருக்கிறாள்.