ஐரிஷ் குடும்ப வரலாறு பரீட்சை அனுபவம்: பேரை விட்டுட்டு நிலத்தைப் பிடிங்க

போன வாரம் ரிசல்ட் வந்துச்சு, டிஸ்டிங்ஷன். நினைச்சா இன்னும் படபடன்னுதான் இருக்கு, அதனால கோர்வையா வராது, ஆனா மறக்கறதுக்குள்ள எழுதிடணும்னு உக்காந்துட்டேன், ஏன்னா அடுத்த பேட்ச்ல சேர்ந்திருக்கற நம்மாளுங்க சில பேர் "எப்படிக்கா படிச்சீங்க, அந்த விவசாயி கேஸ் ஸ்டடியை எப்படி எழுதினீங்க"ன்னு கேட்டுட்டே இருக்காங்க. எத்தனை மாட்யூல், எதுக்கு எவ்வளவு மார்க்குன்னெல்லாம் நான் சொல்லத் தேவையில்ல, உங்களுக்கே தெரியும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டும், முன்னப்பின்ன பாக்காத ஆவணத்தை வெச்சு எழுதற பேப்பரும்தான் ஆளைக் கவுக்கற இடம். அதைப் பத்தி மட்டும் பேசறேன்.

நான் எடுத்துக்கிட்டது எங்க வீட்டுக்காரரோட எள்ளுத்தாத்தாவை. மேயோ கவுண்டி, காசில்பார் யூனியன் (ஏழை நிவாரணத்துக்காகப் பிரிச்ச வட்டாரம்), பதினோரு ஏக்கர் சொச்சம் வெச்சிருந்த குத்தகை விவசாயி. ஜான் வால்ஷ். மேயோல வால்ஷ்னா நம்ம ஊர்ல முருகேசன் மாதிரி, கல்லை விட்டா ஒருத்தர் மேல விழும். அந்த ஒரு டவுன்லேண்ட்லயே (நிலக்கணக்குல ஆகச் சின்னப் பிரிவு, நம்ம குக்கிராமம் மாதிரி) க்ரிஃபித் வேல்யூவேஷன் (வரி போடறதுக்காக யார் கையில எந்த நிலம், என்ன மதிப்புன்னு எடுத்த கணக்கு) சமயத்துல நாலு வால்ஷ் வீடு, சுத்துவட்டாரத்துல இன்னும் எத்தனையோ.

எங்களுக்கு டிராஃப்ட் பாத்தவர் ஒரே பாட்டைத்தான் பாடினார்: ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடு, பேரைப் பிடி, அங்கேருந்து மேல போ. தேசிய நூலகம் 2015ல கத்தோலிக்கப் பதிவேடுகளை எல்லாம் ஆன்லைன்ல இலவசமா போட்டுடுச்சு, உண்மைதான், பெரிய உதவிதான். ஆனா மேற்குப் பக்கத்து கிராமப்புறத்துல பாதி பாரிஷ்க்கு (சர்ச் வட்டாரத்துக்கு) ரெஜிஸ்டர் ஆரம்பிக்கறதே ரொம்ப லேட்டு. 1838 வாக்குல பொறந்த மனுஷனுக்கு அங்க என்ன கிடைக்கும்? அவர் சொன்னபடியே செஞ்ச என் கூடப் படிச்சவங்க ரெண்டு மூணு பேர் தப்பான ஜானைப் பிடிச்சு, அந்த தப்பான ஜானுக்கு அப்பா அம்மா தாத்தா எல்லாம் கண்டுபிடிச்சு, கடைசில ரிப்போர்ட் மொத்தமும் வேற ஒரு குடும்பத்தோட வரலாறா போயிடுச்சு. அவங்க ராத்திரி பகலா உழைச்சதை நான் பாத்தேன். எனக்கு அந்தக் கோவம் இன்னும் ஆறல.

அதனால என் முழுத் தீர்ப்பு ஒண்ணே ஒண்ணு. இதை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை விட்டாலும் பரவாயில்ல.

பேரைத் தேடாதீங்க. நிலத்தைப் பிடிங்க. ஆள் வருவான் போவான், அந்தத் துண்டு நிலம் நகராது.

எப்படின்னா, க்ரிஃபித்ல பேர் போட்டுத் தேடறதை மறந்துடுங்க, இடத்தை வெச்சுத் தேடுங்க, டவுன்லேண்டோட பக்கம் முழுசையும் எடுத்து, அதுல இருக்கற ஒவ்வொரு குடியானவனையும் நோட்டுல எழுதுங்க, உங்களுக்கு வேண்டாதவனையும் சேர்த்துத்தான். முதல் நெடுவரிசையில இருக்கற மேப் நம்பர்தான் உயிர். நம்பர் ஹோல்டிங்கை, அதாவது ஒருத்தர் கையில இருக்கற நிலத்தைச் சொல்லும், பக்கத்துல பெரிய எழுத்து இருந்தா நிலம் தனித்தனித் துண்டா இருக்குன்னு அர்த்தம், சின்ன எழுத்துன்னா வீடு. பல பேரை ஒரே பிரேஸ் (சுருள் அடைப்புக்குறி) போட்டுச் சேர்த்திருந்தா கூட்டா வெச்சிருந்த நிலம், ரன்டேல் பழக்கம் இன்னும் மிச்சம் இருக்கற ஊரு, அங்க தனியாளோட பங்கைப் பத்தி ரொம்ப உறுதியாப் பேசாதீங்க. ஒரே பேர்ல ரெண்டு பேர் இருந்தா அடைப்புக்குள்ள அப்பா பேரைப் போட்டிருப்பாங்க, ஜான்னு எழுதி பக்கத்துல தாமஸ்னு. நம்ம இனிஷியல் கணக்கு அப்படியே. இதைப் பாத்ததும் எனக்கு சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்துச்சு. கூடப் படிச்ச ஐரிஷ்காரங்க அதை ரெண்டாவது பேர்னு நினைச்சுட்டு விட்டுட்டாங்க.

எங்க கேஸ்ல 1850கள் நடுவுல அந்த ஹோல்டிங் ஜானோட அப்பா தாமஸ் பேர்ல. 11 ஏக்கர் 1 ரூட் 14 பெர்ச் (ரூட், பெர்ச் ரெண்டும் ஏக்கரை விடச் சின்ன அளவு). நிலமும் வீடும் சேர்த்து மதிப்பு 3 பவுண்ட் 15 ஷில்லிங்.

இந்த 3 பவுண்ட் 15 ஷில்லிங்ல கொஞ்சம் நிக்கணும். 1843 சட்டப்படி 4 பவுண்டும் அதுக்குக் கீழயும் மதிப்பு இருக்கற ஹோல்டிங்குக்கு ஏழை வரியை (ஏழைங்க நிவாரணத்துக்காக வாங்கற வரி) குடியானவன் கட்ட வேண்டாம், நிலக்கிழார் கட்டணும். கேக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா 1845ல உருளைக்கிழங்கு அழுகி, பஞ்சம் வந்து, வரி ஏறினப்போ நிலக்கிழாருக்கு இந்தச் சின்னக் குடியானவன் ஒவ்வொருத்தனும் செலவு, ஆளைக் கிளப்பிட்டா வரி மிச்சம். காசில்பார் பக்கம் லூக்கன் பிரபு ஆயிரக்கணக்கான பேரைக் கிளப்பி, நிலத்தை ஒண்ணாச் சேர்த்து மேய்ச்சல் பண்ணையாக்கினது ஊரறிஞ்ச கதை. 1847ல இன்னொரு அடி: கால் ஏக்கருக்கு மேல நிலம் வெச்சிருந்தா நிவாரணம் கிடையாதுன்னு சட்டம். பிள்ளைங்க பசியில கிடக்க, நிலத்தை விட்டாத்தான் கஞ்சி. இத்தனையும் தாண்டி 3 பவுண்ட் 15 ஷில்லிங் குடியானவன் தாமஸ் அதே நிலத்துல நிக்கறார்னு அந்த ஒரு வரி சொல்லுது. ரிப்போர்ட்ல இதுக்கு நான் ஒரு பக்கம் ஒதுக்கினேன், மார்க் வந்ததே அங்கதான்னு கமெண்ட்ல இருந்துச்சு. வெறும் எண்ணா எழுதிட்டுப் போயிடாதீங்க.

பின்னாடி போறதுக்கு டைத் புக் (சர்ச்சுக்குக் கட்டற வரிக்கான நிலக்கணக்கு), 1823லேருந்து 1838 வரைக்கும். அதுல அதே டவுன்லேண்ட்ல ஒரு வால்ஷ், 7 ஏக்கர். உடனே "முப்பது வருஷத்துல நிலம் ஒண்ணரை மடங்காச்சு"ன்னு எழுதினா போச்சு. டைத் புக்ல பல இடத்துல ஐரிஷ் ஏக்கர், க்ரிஃபித்ல சட்டப்பூர்வ ஏக்கர். ஒரு ஐரிஷ் ஏக்கர் கிட்டத்தட்ட 1.62. பெருக்கிப் பாருங்க, அதே நிலம்தான். பரீட்சை பேப்பர்லயும் இந்தப் பொறி இருந்துச்சு, வேற ஊரு வேற எண்ணு.

இப்ப முக்கியமான இடம், ரிவிஷன் புக். கேன்சல்டு புக்னும் சொல்லுவாங்க. க்ரிஃபித் முடிஞ்ச பிறகு அதே மேப் நம்பரை வெச்சு, ஆள் மாற மாற பழைய பேரை அடிச்சுட்டு மேல புதுப் பேரை எழுதிட்டே வருவாங்க, மாத்தறப்போ இங்க் கலரையும் மாத்துவாங்க, கடைசி நெடுவரிசையில அதே கலர்ல வருஷம் இருக்கும். கலர்ல பாக்காம கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தீங்கன்னா அந்தப் பக்கத்துக்கு மதிப்பே இல்ல. எங்க பக்கத்துல தாமஸ் பேர் அடிச்சிருக்கு, மேல ஜான், 1874. அப்புறம் ஜானை அடிச்சு அவர் மகன் பேர், 1909. அதுக்கப்புறம் நிலக்கிழார் பேர் இருந்த இடத்துல "இன் ஃபீ" (முழுச் சொந்தம்), பக்கத்துல எல்.ஏ.பி. (லேண்ட் ஆக்ட் பர்ச்சேஸ்) முத்திரை. லேண்ட் ஆக்ட்படி கடன் வாங்கி நிலத்தைச் சொந்தமாக்கிட்டாங்கன்னு அர்த்தம். குத்தகைக்காரன் சொந்தக்காரன் ஆன அந்த முத்திரையைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரர் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இங்கதான் எல்லாரும் விழற குழி. 1909ல பேர் அடிச்சிருக்கு, அப்ப ஆள் 1909ல போயிட்டார்னு எங்க மாமியார் வீட்டுலயும் எழுதி வெச்சிருந்தாங்க, ஆன்லைன் குடும்ப மரங்கள்லயும் அதேதான், ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி. ஆனா 1911 சென்சஸைத் திறந்தா பெரியவர் அதே வீட்டுல உக்காந்திருக்கார்! குடும்பத் தலைவர் மகன், இவர் "தகப்பன்", தொழில் இருக்கற இடத்துல முதியோர் பென்ஷன்காரர், மொழி ஐரிஷும் ஆங்கிலமும், படிக்கத் தெரியாது. காரணம், 1909 ஜனவரி 1லேருந்து 70 வயசு ஆனவங்களுக்கு வாரம் 5 ஷில்லிங் பென்ஷன் வந்துச்சு, வருமான வரம்பு உண்டு, அதனால கிராமத்துல நிறைய பேர் பண்ணையை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு பென்ஷன் வாங்கினாங்க. பேர் அடிச்சா சாவுன்னு முடிவு கட்டாதீங்க. மறுபக்கமும் உண்டு, ஆள் செத்துச் சில வருஷம் கழிச்சுப் பேர் மாத்தினதும் இருக்கு. இறப்புச் சான்றிதழ் பாக்காம தேதி எழுதாதீங்க. எங்க பெரியவர் போனது 1916, தகவல் கொடுத்தது கூட இருந்த மகன்.

வயசுக் கதையும் இதோட சேர்ந்ததுதான். 1901ல 57, 1911ல 73. பத்து வருஷத்துல பதினாறு வயசு கூடியிருக்கு. உடனே பென்ஷனுக்காகப் பொய் சொன்னார்னு எழுதிடாதீங்க, பாவம். பொறப்புப் பதிவே 1864லதான் ஆரம்பிக்குது, அவங்க தலைமுறைக்குச் சரியான வயசு யாருக்குத் தெரியும்? பென்ஷன் ஆபீஸ்காரங்க வயசை நிரூபிக்க 1841, 1851 சென்சஸைத் தேடச் சொல்லி ஒரு ஃபார்ம் அனுப்புவாங்க. அந்த சென்சஸ் பெரும்பாலும் 1922 ஜூன் 30ல டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் கட்டிடத்துல எரிஞ்சு சாம்பலாச்சு, ஆனா அந்தத் தேடல் ஃபார்ம்கள் தேசிய ஆவணக் காப்பகத்துல தப்பிச்சிருக்கு, ஆன்லைன்லயே இருக்கு. எங்க பெரியவரோட ஃபார்ம் கிடைச்சது. அப்பா தாமஸ், அம்மா பேரு, டவுன்லேண்ட் பேரு, 1841ல மூணு வயசு. எரிஞ்சு போன சென்சஸ்லேருந்து ஒரு குழந்தை எட்டிப் பாக்குது, நான் லைப்ரரின்னுகூடப் பாக்காம அழுதேன். ஞானஸ்நானப் பதிவேடு கொடுக்காததை ஒரு பென்ஷன் ஃபார்ம் கொடுத்துச்சு.

மத்ததெல்லாம் சுருக்கமா:

கல்யாணம் தேடறப்போ முதல்ல ஜனவரிலேருந்து மார்ச் வரைக்கும் பாருங்க. தவக்காலத்துல கல்யாணம் கிடையாது, அதுக்கு முன்னாடி மொத்தமா முடிச்சிடுவாங்க. எங்களுது 1868 பிப்ரவரி. சிவில் பதிவுல ரெண்டு பக்க அப்பா பேரும் இருக்கும்.

1901, 1911 சென்சஸ்ல ஃபார்ம் ஏயை (வீட்டுல இருக்கறவங்க பட்டியல்) மட்டும் பாத்துட்டு மூடறவங்கதான் அதிகம். பி1ல சுவர், கூரை, எத்தனை ரூம், முன்பக்கம் எத்தனை ஜன்னல். பி2ல மாட்டுத் தொழுவம், பன்னிக் கொட்டில், கோழிக் கூடு. விவசாயி கேஸ்ல பி2 பாக்கலைன்னா நீங்க அவரைப் பாக்கவே இல்ல.

1911ல கல்யாணமான பொண்ணுங்க கிட்ட எத்தனை பிள்ளை பொறந்துச்சு, எத்தனை உயிரோட இருக்குன்னு கேட்டிருக்காங்க. அந்த ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசத்தைத் தேடிப் போங்க.

நாய் லைசென்ஸ் ரெஜிஸ்டர். 1866லேருந்து நாய் வெச்சிருந்தா வருஷம் 2 ஷில்லிங் கட்டணும், ஆடு மாடு வெச்சிருந்தவன் வீட்டுல நாய் இல்லாம இருக்குமா? பேரு, டவுன்லேண்ட், நாயோட கலர் வரைக்கும் இருக்கும். 1875ல எங்க ஜான் பேர்ல ஒரு கறுப்பு வெள்ளை ஷீப்டாக். ரிவிஷன் புக்ல 74ல பேர் மாறினதுக்கு அடுத்த வருஷமே. ரெண்டு தனித்தனி ஆவணம் ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொன்னா அந்த இடத்துல உறுதியா எழுதலாம்.

மூத்த மகனுக்கு அப்பாவோட அப்பா பேர், ரெண்டாவது மகனுக்கு அம்மாவோட அப்பா பேர்ங்கற வழக்கம் வழி காட்டும், ஆதாரம் ஆகாது. அதை ஆதாரமா எழுதினவங்களுக்கு மார்க் குறைச்சிருக்காங்க.

படிக்கற விதத்துல ஒண்ணு சொல்றேன், எல்லாருக்கும் ஒத்துவராம போகலாம். குரூப் ஸ்டடி எனக்குச் சுத்தமா ஒத்துக்காது, நாலு பேர் பேசினா ஆவணம் காதுல விழாது. ஒரு பக்கத்தை மேஜை மேல வெச்சு, கலர் பென்சிலால ரிவிஷன் புக் இங்க் கலரையே என் நோட்டுலயும் போட்டு, ஒரு துண்டு நிலத்துக்கு ஒரு பக்கம்னு ஒதுக்கி மெதுவாப் படிச்சேன். பரீட்சையில ரிவிஷன் புக் பக்கமும் சென்சஸ் பக்கமும் கொடுத்து இந்த நிலம் எப்ப, ஏன் கை மாறிச்சுன்னு கேட்டப்போ, எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேப் நம்பரைச் சுத்தி வட்டம் போட்டு வருஷ வாரியா ஒரு கோடு இழுத்தேன். அதுக்கப்புறம் பதில் தன்னால வந்துச்சு. நேரம் பத்தாதுன்னு பயந்து முதல் நிமிஷத்துலயே எழுத ஆரம்பிக்காதீங்க.

வட அயர்லாந்து ஆறு கவுண்டில உங்க ஆள் இருந்தா இன்னும் சுலபம், பெல்ஃபாஸ்ட்ல இருக்கற ப்ரோனி காப்பகம் 1864லேருந்து 1933 வரைக்குமான ரிவிஷன் புக்கை கலர்லயே இலவசமா ஆன்லைன்ல போட்டிருக்கு. உங்க கேஸ் மேயோவோ கெர்ரியோ எதுவா இருந்தாலும், பரீட்சைப் பயிற்சிக்கு அங்கேருந்து ஏதாவது ஒரு டவுன்லேண்டை எடுத்து, ஒரு நம்பரைக் கடைசி வரைக்கும் துரத்திப் பாருங்க.